யாரும் கட்டாத பாட்டு

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம், எங்கள் கடற்கரைக்கு வராத ஆட்களே கிடையாது. முதலில் தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். பிறகு படகும் வலையும். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கலர் பென்சில். கொடுப்பதற்கு வேறு எதுவும் தோன்றாமல் போனதும், உங்களிடம் கலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

நான் அப்போது மரக்காணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து, எதுவானாலும் போவோம். குழுவில் எனக்குப் பெயர் கிடையாது. 'ஃபீமேல் வாய்ஸ்' என்றுதான் சொல்வார்கள். "ஃபீமேல் வாய்ஸ் சாப்ட்டாச்சா?", "ஃபீமேல் வாய்ஸ வேன்ல ஏத்துப்பா." மேடையில் அறிவிப்பாளர் மட்டும் யாராவது சினிமாப் பாடகியின் பெயரை எடுத்து, முன்னால் மரக்காணத்தை ஒட்டவைத்து, அதைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுத்தவர் பாட்டை அடுத்தவர் குரலில் பாடிப் பிழைத்தவள் நான். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. தையல்காரர் தனக்கா சட்டை தைக்கிறார்?

கலை கேட்டு வந்த அமைப்பு ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. அதை நடத்திய அம்மாள் சென்னைக்காரர். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, வீட்டுக்குள் வந்தாலும் கழற்ற மறந்துபோகிற கறுப்புக் கண்ணாடி. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம், அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய திட்டம் இதுதான். மூன்று தலைமுறை இசைக் கலைஞர்களை ஒன்றாக உட்காரவைத்து, படைப்பைப் பற்றியும் புகழைப் பற்றியும் ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்கச் சொல்லி வீடியோ பிடிப்பது. அதை கேபிள் டி.வி.யில் போடுவது, பாட்டுகளை சி.டி.யாக வெளியிடுவது. வெளியாள் யாரும் கேள்வி கேட்கக் கூடாதாம், கலைஞனின் மனசு கலைஞனுக்குத்தான் தெரியுமாம். ஆனால் கேள்விகளை மட்டும் அந்தம்மாவே டைப் அடித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துவிட்டார்.

மூத்த தலைமுறைக்கு எங்கள் ஊர் ஆர்மோனிய மாஸ்டரைப் பிடித்தார்கள். எழுபதைத் தாண்டியவர். நாடகக் குழுக்களுக்கு வாசித்தவர். எங்கள் ஆர்கெஸ்ட்ராவிலும் கீபோர்டு வரும்வரை இருந்தார். அந்தக் காலத்தில் மெட்ராஸில் ஏதோ ஒரு சினிமா ரிக்கார்டிங்கில் தன் ஆர்மோனியம் ஒலித்ததாகச் சொல்லுவார். எந்தப் படம் என்று கேட்டால், அது வெளிவரவே இல்லை என்பார். இன்னொரு நாள் கேட்டால், அது நூறு நாள் ஓடியது என்பார். மனிதர் அளந்துவிடுவதற்கு அளவே கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. நாடக மேடையில் நடிகர் எந்தச் சுருதியில், எந்த மெட்டில் ஆரம்பிப்பார் என்று யாருக்கும் தெரியாது. குடித்துவிட்டு வந்திருந்தால் அவருக்கே தெரியாது. முதல் வரி முடிவதற்குள் ஆர்மோனியக்காரர் அதைப் பிடித்தாக வேண்டும். பிடித்து, பின்பாட்டாக அதே வரியைத் திருப்பிப் பாடவும் வேண்டும், பிறந்ததிலிருந்தே தெரிந்த பாட்டு மாதிரி. மாஸ்டர் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அது அவருடையதாகிவிடும்.

இளைய தலைமுறைக்கு ஒரு பையன் வந்தான். பெரிய முதலியார்சாவடிக்காரன். அப்பா ஆரோவில்லில் தோட்ட வேலை. அங்கே வந்துபோகிற யாரிடமோ கிடார் கற்றுக்கொண்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தான். தோள்வரை முடி, கழுத்தில் மணி. சினிமாப் பாட்டு பாடமாட்டானாம், ஃபியூஷன்தானாம். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் கடலைப் பார்ப்பான். நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மிச்சம் நான். தாளில் 'நடுத் தலைமுறை' என்று அடித்திருந்தது. பழையவரைக் காட்டினால் கும்பிடுவார்கள், புதியவனைக் காட்டினால் கைதட்டுவார்கள். நடுவில் இருப்பவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

படப்பிடிப்பை உப்பளத்தில் வைத்தார்கள், கோடை வெயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெளிச்சம் அபாரமாக இருக்கிறதாம். அந்த வெளிச்சத்தில் நாலு நிமிஷம் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நான் மேடைக்குப் போகிற ஜிகினாப் புடவையில் போயிருந்தேன், பேட்டி என்றார்களே என்று. அந்தம்மா கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சிம்பிளா இருந்தா நல்லா இருக்குமே," என்றார். வேனுக்குள் அனுப்பி ஒரு கைத்தறிப் புடவைக்கு மாற்றவைத்தார். வரப்பில் பாய் போட்டு எங்கள் மூவரையும் உட்காரவைத்தார்கள். தூரத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் நைலக்ஸ் புடவை கட்டி, மேலே புருஷன் சட்டையைப் போட்டிருந்தார்கள். மொத்த உப்பளத்தில் கைத்தறி கட்டியிருந்தது நானும் அந்தம்மாவும்தான்.

பேட்டி ஆரம்பித்தது. பையன் தாளைப் பார்த்து மாஸ்டரைக் கேட்டான். "உங்க படைப்புக்கு ஆதாரமா இருந்தது எது, ஐயா?" மாஸ்டர் மெட்ராஸ் ரிக்கார்டிங்கை ஆரம்பித்தார். அன்றைக்கு அது ஒரு படமாக இல்லை, மூன்று படமாகிவிட்டது. டேப் மாற்றுகிற வரைக்கும் சரடு விட்டார். அடுத்து மாஸ்டர் தாளை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏம்மா, புகழ் உன்ன எப்பிடி மாத்திச்சி?"

"ஒரு தபா கூனிமேட்டுக் கல்யாணத்துல எனக்கு மட்டும் பிரியாணி தனியா எடுத்து வச்சிருந்தாங்க மாஸ்டர். அதுக்கு மேல ஒண்ணும் வந்து சேரல."

கேமராக்காரர் சிரித்துவிட்டார். அந்தம்மா சிரிக்கவில்லை. "கொஞ்சம் மனசுல இருந்து பேசலாமே," என்றார். நான் மனசிலிருந்துதான் பேசினேன்.

என் முறை வந்தது. பையனிடம் பாட்டை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். கடலைப் பார்த்தான். "பாட்ட நாம செய்யறதில்லக்கா. அது வரும். நாம வழிவிட்டு நிக்கணும்."

"எங்க வந்து நிக்கும்? பஸ் ஸ்டாண்டுலயா?"

"உள்ள வரும்க்கா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கிற கேள்விக்குப் போகலாம் என்றார். பையன் தாளைத் திருப்பி என்னிடம் கேட்டான்.

"உப்பு வார்றப்ப இங்க பொம்பளைங்க பாடுற பாட்டுன்னு என்னக்கா கேட்டிருக்கீங்க?"

"ரேடியோல எது ஓடுதோ அதான்."

"ரேடியோ வர்றதுக்கு முன்னாடி?" என்றார் அந்தம்மா, கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"அப்ப நான் பொறக்கலீங்க."

உப்பு வாருகிறவர்கள் பாடமாட்டார்கள். வாயைத் திறந்தால் உப்புக் காற்று தொண்டைக்குள் போய்விடும். பேசுவதே கையைக் காட்டித்தான். இதை நான் பொறுமையாக விளக்கினேன். அந்தம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "இருந்தாலும் ஏதாவது ஒண்ணு ஞாபகத்துல இருக்கும். தோணுறத முணுமுணுத்துப் பாருங்களேன்," என்றார். அப்போது பையன் தாளைக் கீழே வைத்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டான்.

"சினிமாப் பாட்டு இல்லாம, சொந்தமா ஒரு லைனாவது பாடியிருக்கீங்களாக்கா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். அதுதான் எனக்கு எங்கேயோ போய்க் குத்தியது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வெயில் வேறு. இடுப்பில் நிற்காத கைத்தறிப் புடவை வேறு. எல்லார் மேலும் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் வாயைத் திறந்தேன்.

வெயிலு தின்னு விட்ட மிச்சம் வெள்ளையாக் கெடக்குது
வீட்டுக் கொழம்புக்குள்ள போயி வாயத் தேடி நடக்குது

இரண்டு வரி பாடியதும் பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். ஆர்கெஸ்ட்ராவில் அந்த இடத்தில் கீபோர்டுக்காரருக்கு இடம் விட்டாக வேண்டும். விடாமல் பாடிவிட்டால் மேடையிலேயே முறைப்பார். அங்கே கீபோர்டும் இல்லை, கரண்டும் இல்லை. இருந்தாலும் தொடையில் தாளம் தட்டியபடி, இல்லாத கீபோர்டு முடிகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் மூன்றாவது வரியை எடுத்தேன்.

காலு வெடிச்ச வெடிப்புக்குள்ள கடலு வந்து எரியுது
கண்ணாடி போட்ட கண்ணுக்கது காட்சியாத் தெரியுது

கடைசி வரி அந்தம்மாவுக்காகவே கட்டியது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாடகியின் குரலும் வராமல் என் குரல் வந்திருந்தது. கொஞ்சம் கட்டையாக, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி. அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. பையன் சொன்ன அந்த 'உள்ளே வரும்' விஷயத்தைச் சிரிக்காமல் கேட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்த ஒரு கணம்தான் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "இத எங்கம்மா பாடுவாங்க," என்றார். என்றவர், நாலு வரியையும் அப்படியே திருப்பிப் பாடினார். சொல்லுக்குச் சொல் பிசகவில்லை. மூன்றாவது வரியில் ஒரு கமகம் வேறு சேர்த்தார். நான் விட்ட இடைவெளியைக்கூட அதே அளவுக்கு விட்டார். நடுங்குகிற கிழக்குரலில் கேட்டபோது, கடலுக்கும் முன்னால் பிறந்த பாட்டு மாதிரி இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அந்தம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது நான் இப்பதான் கட்டுனதுங்க. இங்கயே, இப்பவே கட்டுனது," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படித்தாம்மா தோணும். ரத்தத்துல இருக்கிறது வெளிய வர்றப்ப அப்படித்தான் தோணும்."

மாஸ்டர் என்னைப் பார்க்காமல் உப்பு மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தவர். அந்தக் கிழவி உப்பைப் பார்த்தது சட்னிக்குப் போடும்போது மட்டும்தான்.

மழைக்காலம் முடிவதற்குள் பேட்டி கேபிளில் வந்துவிட்டது. மாஸ்டரின் மெட்ராஸ் புராணத்தை வெட்டிவிட்டார்கள், அது ஒரு புண்ணியம். என் பிரியாணியையும் வெட்டிவிட்டார்கள். நான் பாடியதில் முதல் இரண்டு வரி இருந்தது. அதற்குப் பிறகு அப்படியே மாஸ்டரின் குரலுக்குப் போய், அவர் முகத்தைப் பக்கத்தில் காட்டி, உப்பளத்தைக் காட்டி, கடலைக் காட்டி முடித்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு, எனக்கு மறந்துபோனதை அவர் எடுத்துக்கொடுத்தது மாதிரி இருந்தது.

பிறகு பையனின் பேண்டை அந்தப் பாட்டைப் பாடவைத்து சி.டி. தயார் செய்து, ஒரு கல்லூரிப் பேராசிரியரைக் கூட்டிவந்து அதற்கு விளக்கம் எழுதவைத்தார்கள். பையன் அதை எனக்குப் படித்துக் காட்டினான். இரண்டாம் வரிக்குப் பிறகு வருகிற மௌனம், பலகையைப் போட்டு உப்பை இழுக்கும் நேரமாம். உழைப்பின் மூச்சே அந்தப் பாட்டின் தாளமாம். கீபோர்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. கண்ணாடி வருகிற கடைசி வரியை மட்டும் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அது பிற்கால இடைச்செருகல் என்று எழுதி, சி.டி.யிலிருந்தே நீக்கவைத்துவிட்டார். நான் கட்டியதில் அவர் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான்.

விளக்கத்துக்கு அடியில் இப்படி இருந்தது: பாடியவர் என்று பையனின் பேண்டு பெயர். பாடல் தந்தவர் என்று மாஸ்டர் பெயர். இயற்றியவர் என்ற இடத்தில் 'மரபுப் பாடல்'. எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், வேன் டிரைவருக்கு அடுத்ததாக.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'மரபுப் பாடல்' என்ற இடத்தில் என் பெயர். சி.டி. எத்தனை பேரிடம் போகும், போகாது என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சரக்கை விற்றவள், ஒரு தடவை சொந்தமாக ஒன்று செய்திருக்கிறேன், அது என்னுடையது என்று ஒரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "நாலு வரிதானே, வுடு," என்றார். அன்றைக்கு அவருக்கு இரவுச் சோறு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

பெரிய முதலியார்சாவடிக்குப் போய்ப் பையனைப் பிடித்தேன். முந்திரி மரத்தடியில் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். "நீ அங்கதான இருந்த? நீ கேட்டதாலதான நான் கட்டுனேன்?" என்றேன்.

"ஆமாக்கா. நீங்கதான் மொதல்ல பாடுனீங்க. எனக்குத் தெரியும்."

"அப்ப அந்தம்மாகிட்ட சொல்லு."

கொஞ்ச நேரம் கம்பியைத் திருகினான். அங்கிருந்து கடல் தெரியாது. "ஆனா மாஸ்டர் அவங்கம்மா பாடுனதுன்னு சொல்றாருல்லக்கா. நீங்க சின்ன வயசுல எங்கனா கேட்டிருப்பீங்க. உங்களுக்கே தெரியாம உள்ள இருந்திருக்கும்."

"எனக்குத் தெரியாம எனக்குள்ள இருந்தது உனக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?"

அப்புறம் மெதுவாகச் சொன்னான், வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அந்தப் பாட்டை அனுப்பியிருப்பதாக. பழங்காலத்துப் பாட்டு என்பதால்தான் எடுத்துக்கொண்டார்களாம். ஆர்கெஸ்ட்ரா அக்கா கட்டியது என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றான். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவன் சொல்லவில்லை. ஒரு டம்ளர் டீ கொடுத்தான், சர்க்கரை இல்லாமல். அவர்கள் சர்க்கரை சேர்ப்பதில்லையாம்.

இதற்குள் பாட்டு பரவிவிட்டது. வெளியீட்டு விழாவுக்கு முன்பே சி.டி.யும் விளக்கமும் காப்பியாகித் துபாய்வரை போயிருந்தன. கூனிமேட்டில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தம்பி, துபாயிலிருந்து லீவில் வந்தவன், சீட்டு அனுப்பினான், உப்புப் பாட்டு வேண்டும் என்று. மத்தியான விருந்து நேரம். எனக்கு முதுகு நிமிர்ந்தது. கீபோர்டுக்காரரிடம் சொல்லி அந்த இடத்தை நிரப்பச் சொன்னேன். அன்றைக்கு உப்பளத்தில் என் மனசுக்குள் அது எப்படிக் கேட்டதோ, கிட்டத்தட்ட அப்படியே வாசித்தார். கடைசி வரியையும் சேர்த்து முழுசாகப் பாடினேன். கீழே இறங்கியதும் அந்தத் தம்பி வந்தான்.

"நல்லா பாடுனீங்க மேடம். ஆனா ஒரிஜினல்ல நடுவுல கேப் வரும். அங்க மியூசிக் போடக்கூடாது. அது பலகை இழுக்கிற நேரம்."

"அப்படியா தம்பி?" என்றேன்.

"ஆமா மேடம். கடைசி லைனும் ஒரிஜினல்ல கெடையாது. யாரோ சேர்த்திருக்காங்க."

அவனை என்ன செய்வது? பாவம், மரியாதையாகத்தான் சொன்னான். அன்றைக்கும் எனக்குப் பிரியாணி தனியாக எடுத்துவைத்திருந்தார்கள். தொட மனசு வரவில்லை.

மறு வருஷம் மாசியில் சி.டி. வெளியீட்டு விழாவைப் பாண்டிச்சேரியில் ஒரு மண்டபத்தில் காலையில் வைத்தார்கள். உப்பளப் பெண்களை வேனில் கூட்டிவந்து, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை கட்டி, மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அவர்களுடைய பாட்டை அவர்களே பாடப்போகிறார்களாம். அவர்களுக்கு அது தெரியாததால் பையன் ஒரு மாசமாக வந்து சொல்லிக்கொடுத்தானாம். நடுவில் வருகிற மௌனத்தில் எல்லோரும் சேர்ந்து இல்லாத பலகையை இழுத்தார்கள். மண்டபமே எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் நாற்காலி போட்டு, மறுபடியும் ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை தாள் இல்லை. நான் அதற்காகத்தான் வந்திருந்தேன். ஜிகினாப் புடவையைத்தான் கட்டியிருந்தேன், யார் சொன்னாலும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு. மைக்கைக் கையில் வாங்கினேன்.

"மாஸ்டர், உங்கம்மா இந்தப் பாட்ட எங்க பாடுவாங்க?"

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். "உப்பளத்துலதாம்மா. தலையில கூடைய வச்சிக்கினு வரப்புல நடந்து வருவாங்க. நான் கையப் புடிச்சிக்கினு கூடவே வருவேன்." முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கர்ச்சீப்பை எடுத்தார்.

"உங்கம்மா பஸ் ஸ்டாண்டுல இட்லிக் கடை வச்சிருந்தாங்க மாஸ்டர். நானே அங்க சாப்ட்டிருக்கேன்." சபையைப் பார்த்துத் திரும்பினேன். "இந்தப் பாட்டு பழைய பாட்டு இல்லீங்க. போன வருஷம் உப்பளத்துல உக்காந்து நான் கட்டுனது. நடுவுல வர்ற கேப் கீபோர்டுக்கு வுட்டது. இவருக்கும் தெரியும், அந்தத் தம்பிக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க."

பையன் தன் கால்விரலைப் பார்த்தான். மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். சந்தனம் வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது.

அந்தம்மா எழுந்துவந்து என் தோளில் கைபோட்டுக்கொண்டு, என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார். "பாத்தீங்களா? ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்கு இதவிடப் பெரிய வெற்றி எதுங்க? பாடுற ஒவ்வொருத்தரும், இது நானே கட்டுனதுன்னு நம்புறாங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததே இல்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் திருப்பி அறைந்திருப்பேன். கைதட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

எங்களைக் கூட்டிவந்த வேன் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரையைச் சுற்றிக் காட்டப் போய்விட்டது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். போட்ட பொன்னாடையோடு மாஸ்டர் எனக்கு முன்னாலேயே வந்து வெயிலில் நின்றிருந்தார். வேறு யாரும் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவராகத்தான் ஆரம்பித்தார்.

"கோவமாம்மா?"

"இல்ல மாஸ்டர். குளுகுளுன்னு இருக்குது."

"கேமராவப் பாத்ததும் வாய்ல வந்துட்ச்சி. வந்தப்புறம் எப்பிடிம்மா முழுங்கறது? பேப்பர்ல என் போட்டோ வந்துச்சி பாத்தியா? இத்தினி வருஷத்துல மொத தபா."

"என் பாட்டுக்கு வந்துச்சி."

"உன் பாட்டுதான். நான் இல்லன்னு சொன்னேனா?" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "நல்ல பாட்டு. மூணாவது லைன் எடுத்த பாரு, அந்த மாதிரி எடுப்பு நான் மெட்ராஸ்லகூடக் கேட்டதில்ல. நீ இன்னொண்ணு கட்டிக்குவம்மா. உனக்கு வரும். நான் அடிச்சதெல்லாம் பின்பாட்டு. எனக்கு ஏதும்மா இன்னொண்ணு?"

'உனக்கு வரும்' என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டில் சொன்னதில்லை, குழுவில் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு இந்தத் திருட்டுக் கிழவன்தானா கிடைத்தான் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"இத உள்ள, மைக்குல சொல்றதுக்கு என்ன மாஸ்டர்?"

"மைக்குல சொல்லிட்டா எனக்கு இன்னா இருக்குது?"

மரக்காணம் பஸ் வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். மாஸ்டர் படியேறியதுமே கண்டக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "ஐயா, நீங்க டி.வி.ல வந்த உப்புப் பாட்டு பெரியவருதானே?" என்று கேட்டுவிட்டு, சத்தமாக, "ஏம்பா, எந்திரிப்பா, அவருக்கு எடம் குடு," என்று ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒருவரை எழுப்பினார். மாஸ்டர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்தது. "ஐயா, ரெண்டு வரி எடுத்து வுடுங்களேன்," என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவர் பாடினார். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தார். பார்த்தவர், சீட்டில் நகர்ந்து எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு, கையால் தட்டிக் காட்டினார்.

"எங்கம்மா போவணும்?" என்றார் கண்டக்டர் என்னிடம்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூனிமேட்டில் கூட்டம் இறங்கி நிறைய சீட் காலியானது. மரக்காணம் வரை நான் நின்றுகொண்டேதான் வந்தேன்.